இருபத்து மூன்றாவது கூண்டு

நெம்புகோலை இழுத்ததும் இருபத்து மூன்று கூண்டுகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. ஆனால் இறந்தவர்களின் பட்டியலில் இருபத்திரண்டு பெயர்கள்தான் வந்தன.

கீர்த்திவாசன் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதியம் மூன்று மணி. கணுக்கால் எலும்பு விரிசல் விட்டுப்போய், வலது காலுக்கு முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தக் காலை முக்காலிமேல் நீட்டிவைத்து, மடியில் கம்பளியும் மேசையில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அதில் முக்கித் தின்ற வர்க்கி பிஸ்கட்டின் நெய் வாசனையும், சுவரெல்லாம் ஏறியிருந்த பூஞ்சை வாசனையும், ஹீட்டர் கம்பியில் தூசி தீயும் வாசனையும் ஒன்றோடொன்று கலந்து, ஜூலை மழையில் குன்னூர்ப் பக்கத்து வீடுகளுக்கென்றே இருக்கிற அந்த ஒரே வாசனையாக ஆகியிருந்தன. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

அவன் ஆடிக்கொண்டிருந்தது கோட்டை கட்டுகிற ஆட்டம். மலையைக் குடைந்து அறைகள் வெட்ட வேண்டும், பயிர் போட வேண்டும், உள்ளே வாழ வந்த குட்டி மனிதர்களைப் பசியிலிருந்தும் பகையிலிருந்தும் காப்பாற்ற வேண்டும். அவனும் கூடலூரில் இருக்கும் நண்பன் சுஜித்தும் ஒரே கோட்டையை மாற்றி மாற்றி ஆடினார்கள். ஆட்டத்துக்குள் ஒரு வருஷம் சுஜித் ஆள்வான், பிறகு அதைச் சேமித்த கம்ப்யூட்டர் கோப்பை இவனுக்கு அனுப்பிவைப்பான், அடுத்த வருஷம் இவன் முறை. இந்தத் தடவை வந்த கோட்டையில், கொள்ளையடிக்க வந்து பொறியில் சிக்கியவர்கள் கூண்டுகளில் அடைபட்டுக் கிடங்கு நிறைய இருந்தார்கள்.

பிடிபட்டவர்களை ஒழிப்பதில் ஒரு விதிதான் முக்கியம் என்று ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். கூண்டைக் கையால் திறக்கக் கூடாது. திறக்கிற ஆளைத்தான் கைதி முதலில் கொல்லுவான். கீர்த்திவாசன் பொறுமைக்காரன். இரண்டு நாள் மெனக்கெட்டுக் கூண்டுக்குள் இருந்தவர்களின் ஆயுதங்களைக் கழற்றி எடுத்தான். பதினோரு மாடி ஆழத்துக்கு நேராக ஒரு குழி வெட்டினான். அதன் வாயில் பலகைக் கதவு போட்டு, கூண்டுகளை அதன்மேல் அடுக்கி, எல்லாவற்றையும் தூரத்து அறையில் இருந்த ஒற்றை நெம்புகோலோடு சங்கிலியால் இணைத்தான். வழியில் இருந்த கதவுகளை எல்லாம் பூட்டினான்.

காலையில் அவன் மனைவி பிரீத்தி பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவன் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவங்களையெல்லாம் கொல்லாம விட்டுட முடியாதுங்களா?"

"விட்டாத் திரும்பி வருவானுக கண்ணு."

"வரட்டுமேங்க. கதவச் சாத்திக்கிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

இப்போது அவன் குழியின் அடிக்கு இறங்கிப் பார்த்தான். திரையில் சிவப்பாகக் குழம்பிக் கிடந்தது. எண்ணினான். இருபத்திரண்டு. ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, கைதிகளின் பட்டியலைத் திறந்தான். ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இடம் என்பதற்கு எதிரே 'கீழே' என்று போட்டிருந்தது.

அந்த ஆட்டத்தில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பக்கம் உண்டு. அது என்ன கேட்டது, என்ன நினைக்கிறது என்று துண்டு துண்டான ஆங்கில வாக்கியங்கள் அதில் வரும். கைதிகளின் பக்கத்தை அவன் படிப்பதே இல்லை. குழியில் தள்ளப் போகிறவனின் மனசைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? பெயரில்லாத அந்த ஒருவனின் பக்கத்தை மட்டும் திறந்தான்.

'விழுந்தான். மற்றவர்கள் மேல் விழுந்தான். வலிக்கவில்லை.'

'மேலே மூன்று காலுள்ள ஒன்று நடப்பதைக் கேட்டான்.'

ஆட்டத்தில் என்னென்னவோ மிருகங்கள் உண்டு. மூன்று காலோடு எதையும் அவன் பார்த்ததில்லை. புதிதாகச் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு டீ போடலாம் என்று ஊன்றுகோலை எடுத்து எழுந்தான்.

அவர்கள் குடியிருந்தது ஹெர்பர்ட் சாரின் வீடு. அவரும் மனைவியும் குளிர் தாங்காமல் மகளோடு கோயமுத்தூர்ப் பக்கம் போய்விட, கொலக்கம்பை போகிற பாதையில் ஒற்றையாக நின்ற இதை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கட்டடம். தரை முழுக்கத் தேக்குப் பலகை. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று போக மூன்றடி வெற்றிடம் விட்டிருந்தார்கள். அதனால் வீட்டுக்குள் யார் நடந்தாலும் கீழே யாரோ கூடவே நடப்பதுபோல ஒரு சத்தம் வரும். போன வருஷம் அதற்குள் முள்ளம்பன்றி ஒன்று குடியிருந்தது. பழகிவிட்டது. இடது கால், ஊன்றுகோல், மாவுக்கட்டுக் கால் என்று அவன் அடுப்படிக்குப் போனான். தண்ணீர் கொதிக்கும்வரை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டு, சிந்தாமல், அதே மாதிரி திரும்பி வந்தான்.

உட்கார்ந்தபோது அந்தப் பக்கத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது.

'மூன்று காலுள்ளது நெருப்பு மூட்டியது. நின்றது. திரும்பி வந்தது.'

படித்துவிட்டு டீயை ஒரு வாய் குடித்தான். குடித்தபிறகுதான் திரையின் மூலையில் இருந்த குறியைக் கவனித்தான். ஆட்டம் நின்றுதான் இருந்தது. எழுந்து போவதற்கு முன் அவன்தான் நிறுத்தியிருந்தான். குட்டி மனிதர்கள் தூக்கிய காலோடும் ஓங்கிய சுத்தியோடும் அப்படி அப்படியே நின்றார்கள். நின்றுபோன ஆட்டத்தில் புது வரி வராது.

நாக்கில் டீ சுட்டது அப்போதுதான் தெரிந்தது.

சுஜித்துக்கு ஃபோன் போட்டான். நாலாவது தடவைதான் கிடைத்தது. அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு நடுவே சுஜித் தன் மலையாளத் தமிழில் கத்திப் பேசினான்.

"எந்தாடா கீர்த்தி? கால் எப்படி இருக்கு?"

"கால் கெடக்கட்டும். கோட்டைல ஏதாச்சும் மாத்தி வெச்சியா? புதுசா மிருகம், அந்த மாதிரி?"

"நான் ஒண்ணும் தொடலடா. ஏன்?"

"கைதி ஒருத்தன் சாகல. இருபத்து மூணு கூண்டு தொறந்தேன், ஒருத்தன் பேரே இல்லாம அடில இருக்கான்."



"இருபத்து மூணா? எடா, நான் பிடிச்சது இருபத்திரண்டாக்கும். ஒவ்வொண்ணா எண்ணித்தான் கிடங்குல வெச்சேன்."

"நல்லா எண்ணுனியா?"

"ரெண்டு தடவ. நீ தள்ளுறதுக்கு முன்னால எண்ணலையா? அந்த ஒரு கூண்டு எங்கேருந்து…"

லைன் போய்விட்டது. திரும்பப் போட்டான். டவர் இல்லை. மழைக்காலத்தில் அந்தச் சரிவில் டவர் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

சுஜித் விளையாடுகிறானோ என்று ஒரு எண்ணம் வந்தது. கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். கோப்புக்குள் எதையாவது நுழைத்து, லேப்டாப்பின் மைக் வழியாக இங்கே கேட்கிறானோ. அப்படித்தான் இருக்கும். அப்படி இருந்தால் சோதித்துப் பார்ப்பதும் சுலபம். கீர்த்திவாசன் ஊன்றுகோலைக் கையில் எடுத்து, பலகைத் தரையில் மூன்று தடவை தட்டினான். டொக். டொக். டொக். திரையைப் பார்த்தபடி காத்திருந்தான்.

'மூன்று காலுள்ளது மூன்று முறை தட்டியது.'

அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. மைக்தான். 'சுஜித்துக்கு இருக்கு' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே அடுத்த வரி, ஒவ்வோர் எழுத்தாக, யோசித்து யோசித்து எழுதுகிற மாதிரி வந்தது.

'பதில் சொல்லலாம் என்று நினைத்தான்.'

டொக்.

மாவுக்கட்டுக் காலை வைத்திருந்த முக்காலிக்கு நேர் கீழே. பலகைக்கு அடியில். அவன் கால்வழியாக அது ஏறி வந்தது.

டொக்.

டொக்.

அவன் மூச்சை விடாமல் உட்கார்ந்திருந்தான். ஹீட்டர் கம்பி ரீங்கரித்தது. ஓட்டுக் கூரையிலிருந்து தகரக் குழாய் வழியாக மழைநீர் இறங்கிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி, என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். முள்ளம்பன்றிக்கு எண்ணத் தெரியாது என்று அதே மனசு சொன்னது.

லேப்டாப்பை மூடினான். உடனே தரைக்கு அடியில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. மெதுவாக, அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. ஈரச் சாக்கை இழுப்பதுபோல. எந்த மூலையில் நின்றது என்று தெரியவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. திறந்துவைத்திருந்தால் அது எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். திறந்தான்.

'இருட்டானது. பிறகு வெளிச்சமானது. வெளிச்சம் பிடிக்கிறது.'

இடம்: கீழே. பதினொன்று.

பதினோரு மாடி ஆழம். அது அவன் வெட்டிய குழி. அவன் போட்ட கணக்கு. ஆட்டத்தில் இருப்பதை ஆட்டத்திலேயே முடித்துவிட்டால் தீர்ந்தது என்று அவனுக்குத் தோன்றியது. பயந்தவனுக்கு எதையாவது செய்வது எவ்வளவோ ஆறுதல். விழுந்து சாகாதவர்களுக்கு என்று ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் இரண்டாவது வழி தண்ணீர். கோட்டைக்கு மேலே ஆறு இருந்தது. ஆற்றிலிருந்து குழிவரை கால்வாய் வெட்டும்படி ஆட்களை ஏவி, ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டு, வேகத்தைக் கூட்டினான். குட்டி மனிதர்கள் ஓடி ஓடி வெட்டினார்கள். மதகைத் திறக்கச் சொன்னான். நீல நிறம் குழிக்குள் இறங்கிக் கொட்டியது.

வீட்டுக்கு அடியிலும் தண்ணீர் சத்தம் கேட்டது. மழை பிடித்திருக்கிறது, சாக்கடை நிரம்பியிருக்கும். பலகை இடுக்குகள் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. அதோடு ஒரு வாசனை. ஈரமண். டீ ஃபேக்டரி வாசலில் குவித்துவைத்து அழுகிப்போன தேயிலைக் கொழுந்து. அதற்கும் அடியில் இரும்பு, அல்லது ரத்தம்.

'தண்ணீர் வந்தது. குளிர்ந்தது. மூச்சு தேவைப்படவில்லை.'

'மற்றவர்கள் மிதந்தார்கள். அவர்களைப் பிடித்தான். ஒருவர்மேல் ஒருவராக நிறுத்தினான்.'

'ஏறினான்.'

இடம்: கீழே. ஏழு.

கீர்த்திவாசன் மதகை மூடச் சொன்னான். மூடுவதற்குப் போன ஆள் பாதி வழியில் நின்றுவிட்டான். காரணம் என்ன என்று பார்த்தால், 'அந்தப் பக்கம் போக மாட்டான்' என்று மட்டும் இருந்தது. இன்னொருவனை அனுப்பினான். அவனும் நின்றான். கோட்டையில் இருந்த அறுபது பேரும் மேல் தளத்தின் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

ஐந்து. நான்கு.

குழியின் வாயைக் கல்லால் மூடச் சொன்னான். யாரும் வரவில்லை. அவர்களுடைய பக்கங்களைத் திறந்து பார்த்தான். எல்லோருடைய பக்கத்திலும் ஒரே வரி. 'கூண்டைத் திறந்தது யார் என்று யோசிக்கிறான்.' 'கூண்டைத் திறந்தது யார் என்று யோசிக்கிறாள்.'

செத்துப்போன இருபத்திரண்டு பேரின் கடைசி நினைப்பும் பட்டியலில் இன்னும் இருந்தது. தற்செயலாக ஒன்றில் விரல் பட்டது. 'பக்கத்துக் கூண்டில் இருப்பவனைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தான்.' அடுத்தது. 'பக்கத்துக் கூண்டில் இருப்பவனைப் பார்க்க வேண்டாம்.' அடுத்தது, மகளை நினைத்தவன் ஒருவன். அதற்கடுத்தது. 'இதை மட்டும் விழவைக்க வேண்டாம் என்று கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை.'

இரண்டு.

மணி நாலரை. பிரீத்தி ஐந்தரைக்குப் பஸ்ஸில் வருவாள். அதை நினைத்த அதே நொடியில் திரையில் எழுத்து நகர்ந்தது.

'முன்பெல்லாம் மேலே இரண்டு கால்கள், இரண்டு கால்கள். இப்போது மூன்று, இரண்டு.'

'இரண்டு காலுள்ளது சாயங்காலம் வரும். தினமும் கேட்கிறான். அதன் குரல் பிடிக்கிறது.'

அவன் அதை இரண்டு தடவை படித்தான். மாவுக்கட்டு போட்டது பத்து நாளுக்கு முன்னால். அதற்கு முன்னால் இருவருக்கும் இரண்டிரண்டு கால்கள். சுஜித் அந்தக் கோட்டையை அனுப்பியது மூன்று நாளுக்கு முன்னால்தான்.

அப்படியென்றால் எத்தனை நாளாக.

ஃபோனை எடுத்தான். முழங்கை பட்டு ஊன்றுகோல் சரிந்து தரையில் விழுந்தது. கீழே உடனே அதே மாதிரி ஒரு சத்தம். பிரீத்தியைக் கூப்பிட்டான். போகவில்லை. வீட்டுக்கு வராதே, பஸ் ஸ்டாப்பிலேயே நில்லு, நான் வர்றேன் என்று வாட்ஸப்பில் அடித்தான். ஒற்றை டிக். இரண்டாவது டிக் விழவே இல்லை.

பஸ் நிற்கும் இடம் தேயிலை நடுவே இறங்கும் பாதையில் கால் மைல். நல்ல காலோடு ஐந்து நிமிஷம். ஒரு மணி நேரம் இருக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்து போனாலும் போய்விடலாம். குனிந்து ஊன்றுகோலை எடுத்தபோது முகம் தரைக்குப் பக்கத்தில் போனது. இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கிலிருந்து குளிர்ந்த காற்று அவன் கன்னத்தில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தான். ஓசை வராமல் நடக்கப் பார்த்தான். முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கீழே ஒரு அடி. அவன் நின்றபோது அதுவும் நின்றது.

வெளியே வந்து கதவைச் சாத்தினான். மழை விட்டிருந்தது. மேகம் இறங்கி முற்றத்து சில்வர் ஓக்கின் பாதி வரை மறைத்திருந்தது. ஒன்பது கல்படிகள், எல்லாவற்றிலும் பாசி. படியில் உட்கார்ந்து, மாவுக்கட்டை முன்னால் நீட்டி, ஒவ்வொன்றாகச் சறுக்கி இறங்கினான். ஆறாவது படியில் கை வழுக்கி, முழங்கை இடிபட விழுந்தான். வலியில் கண் இருட்டியது. அப்படியே கிடந்தபோது வீட்டின் அஸ்திவாரச் சுவர் முகத்துக்கு நேராக இருந்தது.

பலகைக்கு அடியில் காற்று போவதற்காகச் சுவரில் வைத்த துவாரம், ஒரு தலை நுழையும் அளவு. அதன் இரும்புக் கம்பி வலை பழையதுதான், ஆனால் உறுதியாக இருந்தது. அந்த வலையின் ஓட்டைகள் வழியாக ஆவி வந்துகொண்டிருந்தது. குளிரில் வாயைத் திறந்தால் வருகிற மாதிரி. ஒரு முறை வந்தது. நின்றது. ஒரு முறை வந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது நின்றுபோனது.

எண்ணினான். பத்து. இருபது. வரவில்லை. அங்கிருந்து போய்விட்டது. வேறு பக்கம் போய்விட்டது.

வீட்டுக்குள் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது.

"ஏனுங்க, எங்கீங்க இருக்கீங்க? நம்ம எல்சா டீச்சர் வண்டீல வந்துட்டனுங்க. மேல் ரோட்டுலயே எறக்கி உட்டாங்க. பின்னால கதவ ஏன் தொறந்து போட்டிருக்கீங்க?"

பிரீத்தி. பின்பக்கக் கதவை அவன் திறக்கவில்லை. காலையிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

"பிரீத்தி" என்று கத்தினான். "வெளிய வா. அப்படியே வெளிய வந்துரு."

"என்னங்க? கேக்கலைங்க. தண்ணி ஓடுது."

எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. மாவுக்கட்டு படியில் இடித்து விரிசல் விட்டது. கைகளால், முழங்காலால், ஊன்றுகோலைக் கல்லில் குத்திக் குத்தி ஏறினான். கதவைத் தள்ளினான்.

கரண்ட் போயிருந்தது. கூடம் இருட்டு. லேப்டாப் திரை மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே தெரிந்தது.

இடம்: மேலே.

மேசைக்குப் பக்கத்தில், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மூன்று பலகைகள் இல்லை. உடைத்திருக்கவில்லை. ஆணியோடு கழற்றிச் சுவர் ஓரமாக ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

அவன் ஃபோன் டார்ச்சைப் போட்டான். அந்த இடத்தைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். தாண்டும்போது உள்ளே பார்க்காமல் இருக்க நினைத்தான். பார்த்தான்.

மூன்றடி வெற்றிடத்தின் தரை இல்லை. மண் இருந்த இடத்தில் நேராக இறங்கும் குழி. சதுரமாக, உளி வைத்து வெட்டிய மாதிரி. டார்ச் வெளிச்சம் அடியைத் தொடவில்லை. அதற்குள் ஆட்கள் நின்றார்கள். ஒருவன் தோள்மேல் ஒருவன், அவன் தோள்மேல் ஒருவன், ஈரமாக, கழுத்து ஒடிந்து, கைகால்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஏணியாக. எல்லா முகங்களும் மேலே பார்த்தன. எல்லாக் கண்களும் இறுக மூடியிருந்தன. உச்சியில் நின்றவனின் தலை தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. அவன் தோள்களில் சேறு படிந்த இரண்டு பாதங்களின் தடம்.

தோள்கள்மேல் யாரும் இல்லை.

"பிரீத்தி."

சத்தம் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

அடுப்படி வாசலில் பச்சைத் திரைச்சீலை தொங்கியது. அதற்குப் பின்னால் அவள் வைத்த மெழுகுவத்தி எரிந்தது. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குத் திரை இல்லை. அதன் வழியாக அவளுடைய பாதங்கள் தெரிந்தன. வீட்டில் போடுகிற நீல ரப்பர் செருப்பு. அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"அட, அதுக்குள்ள இங்க வந்துட்டீங்களா" என்றாள். "சத்தமே இல்லாம வந்து நிக்கறீங்க. உக்காருங்க, டீ வெக்கறேன்."

யாரிடமோ.

பாதங்கள் திரும்பின. அவற்றுக்கு எதிரே, வெளிச்சம் எட்டாத பக்கத்திலிருந்து தண்ணீர் ஒரு கோடாக ஓடி வந்து செருப்பின் நுனியைத் தொட்டது.

அவன் ஊன்றுகோலை எடுத்துவைத்தான். குழியின் விளிம்பு. இன்னொரு அடி.

"ஏனுங்க" என்றாள் பிரீத்தி. இந்த முறை குரல் வேறாக இருந்தது. "நீங்க…"

பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

திரைச்சீலைக்குக் கீழே நீலச் செருப்புகள் இரண்டும் தரையிலேயே இருந்தன, ஜோடியாக, அசையாமல். அவற்றிலிருந்து அவளுடைய பாதங்கள் மெதுவாக மேலே போயின.